மல்லிகைப்பூச் சோறு

வங்காளத்துப் பவானிப்பூர் வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது ஒரு வெண்மைதான். மழைநாள் வெளிச்சத்தில் எங்கள் வீட்டுச் சோறு இலையில் மல்லிகைப்பூவைக் கொட்டினாற்போல் கிடக்கும். மில்லில் தீட்டிய ரங்கூன் பச்சரிசி. கப்பல் கம்பெனி குமாஸ்தாவான அப்பாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. அம்மா தண்ணீர் தெளியும்வரை அரிசியைக் களைவாள். கழுநீரும் வடித்த கஞ்சியும் நான் மாசிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளின் பசுவுக்குப் போகும். பசு பளபளவென்று இருந்தது. அம்மாவுக்குத்தான் கால் வீங்கிற்று.

அந்தக் காலை அமுக்கிவிடுவது என் வேலை. விரல் பதிந்த இடத்தில் குழி விழும். மணலில் ஊற்றுச் சுரப்பதுபோல் மெல்ல மெல்லத் தூரும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன். சுவரைப் பிடித்து நடந்த அம்மா ஒருநாள் எழுந்திருக்கவே இல்லை.

மாசிமா கையால் குத்திய பழுப்புப் புழுங்கலரிசி கொண்டுவந்தாள். அப்பா வாசலிலேயே மறித்தார்.

"யார் வீட்டு அடுப்பிலயோ ஒரு தடவை வெந்ததை நாம மறுபடி உலையில போடறதாவது!"

மாசிமா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மறுநாள் அப்பா ஆபீசுக்குப் போனதும் கொல்லை வழியாக வந்தாள். தினமும் வந்தாள். அவளே பொங்கி, கஞ்சியையும் வடிக்காமல் அம்மாவுக்கு ஊட்டினாள். நவராத்திரிப் பூஜை மேளம் கேட்கும் சமயத்தில் அம்மா எழுந்து நடந்தாள். டாக்டர் கொடுத்த டானிக்கை அப்பா வாயாரப் புகழ்ந்தார். அம்மா மறுக்கவில்லை.

பெரிபெரி என்ற பெயரும், ரங்கூன் முதல் ஜப்பான் வரை தீட்டிய அரிசி தின்ற ஊர்களிலெல்லாம் கால்கள் இப்படி ஓய்ந்த கதையும் எனக்குத் தெரிய வெகுகாலமாயிற்று.

அம்மா எழுந்து நடந்த சில நாளிலேயே ஒரு சாயங்காலம் அப்பா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றது வழியில் எங்கோ கழன்றது அவர் காலுக்கே தெரியவில்லை. "உங்க இன்னொரு கால் டிராமில வரதாப்பா?" என்று கேட்டு நான் உருண்டு உருண்டு சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் அவருடைய வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் முதல் மாசிமா வீட்டிலிருந்து ஒரு செம்பு புழுங்கலரிசிக் கஞ்சி வந்தது. ரசம் கொதித்து இறங்கியதும் அம்மா கஞ்சியை அதில் ஊற்றிக் கலக்கினாள்.

அப்பா இலையில் உட்கார்ந்தார். "என்னடி, ரசம் இத்தனை கெட்டியா இருக்கு?"

"பருப்பு கூட விழுந்துடுத்துன்னா."

அம்மா எப்போதும்போல ஒரு பிடிப் பருப்புப் போட்டபோது நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று என்னை மிரட்டுகிறவள், அவ்வளவு அன்பாக இன்னொரு கரண்டி ஊற்றினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.