வளர்ற வயசு

சாரம் பகுதியில் குடியிருக்கும் வேம்புவுக்கு நாற்பது வயது. தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அவளுக்குக் கீழ்த்தாடை துருத்தி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே வந்து நிற்கும். மேல்வரிசையோ இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். முறுக்கை முன்பல்லால் கடிக்க முடியாது. ஒடித்துக் கடைவாயில் போட்டுக்கொள்வாள். பள்ளியில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதைப் புருஷன் சக்கரபாணியிடம்கூட அவள் சொன்னதில்லை.

மகள் ஹேமலதாவுக்குப் பால்பற்கள் விழுந்து முளைத்தபோது அதே வாய் வந்து சேர்ந்தது. ஏழாம் வகுப்பில் குரூப் போட்டோவுக்கு நிற்கமாட்டேன் என்று அழுதாள். மறுநாளே வேம்பு லீவு சொல்லிவிட்டு மகளைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேவைப் பார்த்தார். “நல்ல நேரத்துல வந்தீங்க. வளர்ற வயசு. மேல்தாடைய விரிச்சி முன்னால கொண்டாந்துடலாம். அப்புறம் கிளிப் போட்டு பல்ல வரிசைப்படுத்தலாம். வளர்ச்சி முடிஞ்சிட்டா ஆபரேஷன்தான்.”

வேம்பு தலையாட்டினாள். இப்படி ஒரு வைத்தியம் இருப்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது. தெரியாதவரை வருத்தமும் இல்லாமல் இருந்தது.

ஹேமாவின் அண்ணத்தில் ஒரு கருவியை ஒட்டி, சின்னச் சாவி ஒன்றைக் கொடுத்தார்கள். தினமும் வேலை முடிந்து வந்ததும் வேம்பு அதைத் திருப்புவாள்.

“மெதுவாம்மா, மூக்கு வரைக்கும் வலிக்குது.”

“முடிஞ்சிச்சி, முடிஞ்சிச்சிடா.”

முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்தபோது ஹேமா கத்தினாள். “முன்ன இருந்தத விட அசிங்கமாயிடுச்சி!”

“தாடை விரியுதுடி. டாக்டர் சொன்னாங்கல்ல.” சொல்லிவிட்டு அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள் வேம்பு. ஆசையாக இருந்தது.

பிறகு மேல்தாடையை முன்னால் இழுக்க, நெற்றியிலும் மோவாயிலும் பதியும் முகப்பட்டை. வீட்டில் இருக்கும்போதெல்லாம் ஹேமா அதை மாட்டிக்கொண்டாள். அப்புறம் கிளிப். கம்பி முறுக்கிய நாட்களில் குழைந்த சோறுதான். பத்தாம் வகுப்பு வந்தபோது எல்லாவற்றையும் கழற்றினார்கள். நாக்கால் பல்லைத் தடவித் தடவிச் சிரித்தாள் பெண்.

வெளியே வரும்போது வேம்பு மட்டும் வாசலில் தயங்கினாள்.

“டாக்டரம்மா, எனக்கு இப்ப ஆவுமா?”

“உங்களுக்குத் தாடைய அறுத்துப் பொருத்தணும்மா. செய்யலாம். யோசிச்சி சொல்லுங்க.”

“சும்மாதான் கேட்டேன்.”

பஸ்ஸில் ஹேமா அவள் தோளில் இடித்தாள். “பண்ணிக்கம்மா.”

“வேணாம்டி. எனக்குப் பயமா இருக்குது.”

“அப்ப ஏன் கேட்ட?”

வேம்பு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “உன் வயசுல எனக்கும் செஞ்சிருந்தா எப்டி இருந்திருப்பேன்? அந்த மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்போல இருந்துச்சி.”

ஹேமா அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தம் வந்தும் இருவரும் உடனே எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதி இறக்கிவிட்டார்.