முதலில் கட்டிய அறை

கப்பல்துறையில் பற்றைக்காட்டை ஒட்டி நிற்கிறது இந்தக் கன்னியர் மடம். பழைய கட்டடங்களைப் பார்க்க வந்த என்னை வயதான சிஸ்டர் ஒருவர் பின்வளவுக்குக் கூட்டிப் போகிறார். கூரையில்லாத மாணவியர் விடுதியைக் கடக்கும்போது சட்டென்று என் கையைப் பிடித்து, பக்கத்திலுள்ள சிறிய கல் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்துகிறார்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே, சற்று முன் நாங்கள் நின்ற இடத்தில், ஒரு தனியன் யானை நிற்கிறது. அது மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கிறது. நான் சுவரோடு ஒட்டி நிற்கிறேன்.

"பயப்பிடாதேங்கோ மகள்," என்று சிஸ்டர் மெல்லச் சொல்கிறார். "மடத்தில முதல் கட்டினது இந்த அறைதான். சண்டைக் காலத்தில ஷெல் அடிச்சு, பிளேனால குண்டு போட்ட நேரம் நாங்களும் பிள்ளையளும் இதுக்குள்ளதான் இருந்தனாங்கள். இதுக்குப் பிறகு கட்டின விடுதி விழுந்தது. இது விழேல்லை."

"கதவை உடைச்சால்?"

"பலாப்பழத்துக்கு வந்தது. திண்டிட்டுப் போயிடும்."

அவர் முகத்தில் சிரிப்புக்கூட இருக்கிறது. அப்போது சீனக்குடா விமானத்தளப் பக்கமிருந்து ஒரு விமானம் தாழப் பறந்து வருகிறது. சிஸ்டர் என்னை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் விழுகிறார். தன் உடம்பால் என்னை மூடிக்கொள்கிறார். அவருடைய இதயம் என் முதுகில் அடிக்கிறது.

சத்தம் தேய்ந்து மறைகிறது. யானையும் பற்றைகளை முறித்துக்கொண்டு காட்டுப் பக்கம் போவது கேட்கிறது.

"பயிற்சி விமானம் மகள். ஒவ்வொரு நாளும் போறதுதான்," என்கிறார்.

"அப்ப எழும்புவமா சிஸ்டர்?"

"கொஞ்சம் பொறுங்கோ," என்கிறார், பிடியைத் தளர்த்தாமல். "இன்னொண்டு வரும்."