தாய்மாமன் தட்டு

பாராளுமன்ற இடைத்தேர்தல் வருகிறது என்றதும் மொரப்பூர்ப் பக்கத்தில் எல்லோரும் வேட்பாளர் யார் என்று கேட்டார்கள். நான் மட்டும் யார் யாரோடு கூட்டணி என்று கேட்டேன். அரசியல் அக்கறை எல்லாம் ஒன்றும் கிடையாது. என் கணவர் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் தம்பிக்கு அதே பதவி, நேர் எதிர்க் கட்சியில். அம்மா போன பிறகு தாய்வீடு என்று எனக்கு மிஞ்சியது அவன் ஒருவன்தான். போன தேர்தலோடு அதுவும் போயிருந்தது.

அந்தத் தேர்தலில் அவன் கட்சி ஜெயித்தது. ஊரில் இத்தனை தெரு இருக்க, அவன் ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்துதான் சரவெடி கொளுத்தினார்கள். பொறி பறந்து வைக்கோல் போர் எரிந்துபோனது. தம்பி அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் மறுநாள் வந்து ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை. என் கணவர் மட்டும் லேசுப்பட்டவரா? டீக்கடையில் நின்று அவன் தலைவரைத் திட்டத் தொடங்கியவர், செத்துப்போன என் அப்பாவில் கொண்டுபோய் முடித்தார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

இடைத்தேர்தல் அறிவித்த சமயத்தில் என் மகள் வயதுக்கு வந்தாள். பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்ட வேண்டியவன் தாய்மாமன். அவன் வராததால் நாத்தனார் வீட்டுக்காரர் கட்டினார். உள்ளே உட்கார்ந்திருந்த மகள், "மாமா எப்பம்மா வரும்?" என்று கேட்டாள். மஞ்சள் நீராட்டுச் சீரையாவது அவன் இல்லாமல் செய்வதில்லை என்று தள்ளிப் போடவைத்தேன். சீர்வரிசையில் முதல் தட்டு தாய்மாமனுடையது. அது முன்னால் போகாமல் மற்ற தட்டுகள் மண்டபத்துக்குள் நுழையாது. அவன் வர வேண்டுமென்றால் கணவனும் மனைவியுமாக வெற்றிலை பாக்கோடு போய் அழைக்க வேண்டும். நான் மட்டும் போனால் அது அழைப்பில் சேராது.

அப்போதுதான் டிவியில் காட்டினார்கள். இரண்டு தலைவர்களும் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலைகளே கூடிவிட்டன, வால்களுக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டு கேசரி கிளறினேன். எதற்குக் கேசரி என்று கேட்காமலேயே என் கணவர் இரண்டு முறை வாங்கித் தின்றார்.

ஒரு வாரத்தில் எங்கள் வண்டியில் இரண்டு கொடியும் ஏறின. கணவரும் தம்பியும் ஒரே வேனில் போகிறார்கள், ஒரே பொட்டலத்தில் பிரியாணி சாப்பிடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இதுதான் நேரம் என்று, தம்பியை அழைக்கப் போகலாமா என்று கேட்டேன்.

"கட்சி வேற, வூடு வேற. எலக்ஷன் முடியட்டும்" என்றார்.

வைக்கோல் போர் எரிந்தபோது இந்த வித்தியாசம் இவருக்குத் தெரியவில்லை.

வேட்பாளர் எங்கள் ஊருக்கு வந்த அன்று தெருப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நின்றார்கள். கிளைச் செயலாளர் மனைவி அந்த வரிசையில் நிற்பதில்லை. தட்டில் விழும் பணத்துக்காக நிற்கிறாள் என்று பேசுவார்கள். நான் நின்றேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெற்றிலையில் கற்பூரம் வைத்து நின்றேன். எப்படியும் வேனோடு தம்பி வருவான், என் முகத்தைப் பார்ப்பான், சீர் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். புத்தி கெட்ட கணக்கு.

வந்தான். வேனுக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு தட்டிலும் நோட்டு வைப்பதுதான் அவனுக்குக் கொடுத்திருந்த வேலை. என் தட்டுக்கு வந்ததும் கை நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு வேன் மேல் நின்ற என் கணவரைப் பார்த்தான். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, யாரும் இல்லாத மொட்டை மாடிக்குக் கும்பிடு போட்டார். தம்பி நோட்டைத் தட்டில் வைத்தான்.

"சின்னத்த மறந்துராதீங்கக்கா."

எல்லாப் பெண்களிடமும் சொன்னதைத்தான் என்னிடமும் சொன்னான். சொல்ல வைத்திருந்ததை நான் சொல்வதற்குள் அடுத்த தட்டுக்குப் போய்விட்டான். நோட்டின் ஓரம் ஆரத்தித் தண்ணீரில் சிவந்தது. வேன் நகர்ந்தது.

அப்படியும் அந்தச் சின்னத்துக்கேதான் ஓட்டுப் போட்டேன். அந்தக் கூட்டணியை மனதார நம்பியவள் தொகுதியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கூட்டணி தோற்றது. ஒருவர் ஓட்டு இன்னொருவருக்கு விழவில்லை என்று டிவியில் பேசினார்கள். என் தம்பி ஆட்கள் காலை வாரிவிட்டதாக என் கணவர் சொன்னார். என் கணவர் ஆட்கள் கழுத்தறுத்ததாகத் தம்பி சொன்னானாம். குழாயில் தண்ணீர் வராமல் லாரிக்குக் குடத்தோடு நின்ற பெண்கள், இந்த முறை இரண்டு பேருக்கும் ஓட்டு இல்லை என்று தெருவிலேயே சத்தமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆண்கள் காதில் அது விழவில்லை. தலைவர்கள் மறுபடி பிரிந்தார்கள், அடுத்த தேர்தலுக்கு மறுபடி சேர்வார்கள். சால்வைக்கா பஞ்சம்?

தம்பியை அழைக்க நாங்கள் போகவில்லை. தேர்தல்தான் முடிந்துவிட்டதே என்று நான் கேட்டதற்கு, துரோகி வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீடு மறுபடியும் கட்சியாகிவிட்டது.

சீர் நாளில் மண்டபத்து வாசலில் தட்டுகளை வரிசையாக வைத்தோம். பழம், பூ, வளையல், பட்டு. முதல் இடம் காலியாகக் கிடந்தது. நாத்தனார் வீட்டுக்காரரையே அதையும் வைக்கச் சொல்லலாம் என்றார் என் கணவர். வீடியோ எடுக்க வந்தவர், "தாய்மாமன் தட்டு எங்கங்க?" என்று இரண்டாம் முறை கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள்.

நான் ஒரு தட்டை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய். பீரோவிலிருந்து எடுத்து வந்திருந்த நோட்டை அதன்மேல் வைத்தேன். ஓரத்துச் சிவப்பு அப்படியே இருந்தது.

"இது யாரு வெச்சது?" என்றார் என் கணவர்.

"என் தம்பி வெச்சதுதாங்க. நீங்களும் அங்கதான் நின்னுட்டிருந்தீங்க."

தட்டை மகள் கையில் கொடுத்து, முன்னால் நடக்கச் சொன்னேன்.