போறேனுங்க

மேஜை விளக்கை அணைத்ததும் காளியண்ணன் டிராயரைத் திறந்து, உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் துழாவுகிறார். அதில் ஒன்றும் இல்லை. இருக்காது என்று அவருக்கும் தெரியும். அளவு டேப், நூல் வெட்டும் ட்ரிம்மர், மூக்குக்கண்ணாடி, காபி டம்ளர், சாப்பாட்டு டப்பா, அலுமினிய ஸ்பூன் எல்லாம் ஏற்கெனவே துணிப்பைக்குள் போயாகிவிட்டது. டிராயரைச் சாத்திவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களைப் பார்த்து, "நான் போறேனுங்க" என்கிறார். கேட்டைத் தாண்டி நடக்கிறார். திரும்பிப் பார்ப்பதில்லை.

"விளக்கு வைக்கிற நேரத்துல பேச்சப் பாரு. போயிட்டு வாரேன்னு ஒரு நாளாச்சும் வாயில வருதா இந்த அண்ணாச்சிக்கு!" என்று அந்தப் பெண்களில் ஒருவரான செல்லத்தாய் முணுமுணுப்பார். பிறகு விட்டுப்போன தையலை மேலே ஓட்டி மூடுகிற மாதிரி, அவர் முதுகைப் பார்த்து, "வாங்க, வாங்க, போயிட்டு வாங்க" என்று அவருக்காகவும் சேர்த்துச் சொல்வார். நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது.

திருப்பூர்ப் பக்கம் பெருமாநல்லூரை ஒட்டிய குழந்தை ஆடைக் கம்பெனி எங்களுடையது. நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களின் மெயிலுக்குப் பதில் எழுதி இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். காளியண்ணன் அந்த வெளிநாட்டுக்காரர்களின் ஆள். சரக்கு கப்பல் ஏறுமுன் பார்த்து "சரி" சொல்ல வேண்டியவர். எஸ்தோனியா என்ற சின்ன நாட்டிலிருந்து வந்தவர். பெயர் கல்யு. முதல் நாளே எங்கள் முதலாளி லிங்கசாமி அந்தப் பெயரை நாக்கில் புரட்டிப் பார்த்துவிட்டு, "காளியண்ணன்னே வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவரும் தலையை ஆட்டியிருக்கிறார். இன்றைக்கு ரேஷன் கார்டு ஒன்றுதான் பாக்கி.

ஆறடிக்கு மேல் உயரம், அறுபத்தைந்தைத் தாண்டிய வயது. பங்குனி வெயிலில் முகம் வேகவைத்த பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிடும். ஏசி அறை கொடுத்தார்கள், போகவில்லை. "வெயிலுங்க, எத்தன நல்லா இருக்குதுங்க" என்று மற்றவர்கள் நிழல் தேடுகிற நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மனைவி இறந்துவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வருவார். அந்த நெடும் பயணத்துக்குக் கிளம்பும்போதும் "போறேனுங்க" தான்.

தமிழை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் செக்கிங் பெண்கள். அதனால் மரியாதைக்குக் குறைவில்லை, அளவும் இல்லை. கேட்டில் படுத்திருக்கும் நாயிடம், "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். பீகார் பையன்கள் ஹிந்தியில் கேட்டால் கொங்குத் தமிழில் பதில் வரும். அவர்களுக்கும் எப்படியோ புரிந்துவிடும். ஆனால் பீஸில் குற்றம் கண்டுபிடித்தால் மட்டும் தாய்மொழி வந்துவிடும். அவர் மொழியில் இல்லை என்பதற்கு "ஏய்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். அவர் வந்த புதிதில், ஒரு கைக்குழந்தை பாடி சூட்டைக் கையில் தூக்கிப் பிடித்து "ஏய்... ஏய்" என்று சொல்லப்போக, செல்லத்தாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "யார ஏய்ங்கிய? எங்க ஊர்ல புருசன்கூட என்ன ஏய்னு கூப்பிட்டதில்ல!" சங்கரன்கோவில் பக்கத்துக் குரல், பக்கத்து கம்பெனி வரை கேட்டிருக்கும். விஷயம் விளங்கியதும் இருவரும் சிரித்துச் சிரித்து, அன்று தொடங்கியதுதான் இந்த அண்ணன் தங்கை உறவு.

அவருக்கு ரஷ்ய மொழி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒருமுறை ரஷ்யாவிலிருந்து ஓர் ஆள் சரக்கு பார்க்க வந்தபோது, பேசிக் கொடுங்கள் என்று லிங்கசாமி கெஞ்சியும், "மறந்து போச்சுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றுதான் நான் துருவ ஆரம்பித்தேன். எனக்கு அந்தப் புத்தி உண்டு.

"ஜெயில்ல இருந்தேனுங்க கண்ணு," என்றார் சர்வ சாதாரணமாக. "கொடிக்கு."

அவர் நாடு அப்போது சோவியத் ஆட்சியின் கீழ் இருந்தது. நீலம், கறுப்பு, வெள்ளை என்று மூன்று பட்டை போட்ட பழைய தேசக்கொடியை வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். இருபதுகளில் இருந்த கல்யு, மூன்று துணியை வாங்கி, அம்மாவின் மிஷினில் ஒன்றாக ஓட்டி, ஒரு பனிக்கால விடியலில் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கட்டிவிட்டார். ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்தது. பார்த்தவர்களில் போலீசும் உண்டு.

"தையல் கோணலுங்க. இன்னைக்கு என்ற டேபிளுக்கு வந்தா நானே ரிஜெக்ட் பண்ணிருவேனுங்க. அந்தக் கோணல் பீஸுக்கு ஆறு வருஷமுங்க."

ரஷ்யாவுக்குள், காட்டு நடுவே ஒரு கட்டாய உழைப்பு முகாம். கவிதை எழுதியவர், கையெழுத்து திரட்டியவர், கோயில் மணியடித்தவர் என்று அரசாங்கத்துக்குப் பிடிக்காத பல தேசத்து ஆட்கள். எஸ்தோனியர்களும் சிலர். எல்லோருக்கும் ஒரே வேலை: கட்டடத் தொழிலாளிகள் போடும் முரட்டுக் கையுறை தைப்பது. நாளுக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு. கணக்கு குறைந்தால் சோறு குறையும், வீட்டிலிருந்து வரும் கடிதம் நிற்கும். வாய் திறந்தால் குளிர் அறை. எங்கள் தையல் லைனில் மணிக்கு மணி டார்கெட் எழுதும் பலகைக்கு அவர் ஏன் முதுகைக் காட்டியே உட்காருகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலம் மாறி, அந்த ஆட்சி ஆட்டம் கண்டபோது விடுதலையானார். வெளியே வந்தவருக்குத் தெரிந்த தொழில் தையல் ஒன்றுதான். அது பல கம்பெனி மாறி அவரைத் திருப்பூரில் கொண்டுவந்து சேர்த்தது. கெட்டதிலும் ஒரு நல்லது என்பார்களே, இதைவிட நீளமான சுற்றுவழியில் அது யாருக்கும் வந்திருக்காது.

இப்படி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, போன ஆவணி வரை. மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. லிங்கசாமி தானே காரை ஓட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டதாம். நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும், இந்த வயதில் பயம் இருக்கத்தான் செய்கிறது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஊருக்குப் போய்ச் செய்துகொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, "இங்கயே பண்ணுங்க. அங்க குளிருங்க" என்றிருக்கிறார்.

செய்தி கேட்டதிலிருந்து செல்லத்தாய்க்கு ஆபரேஷனைவிட அந்த ஒரு வார்த்தைதான் பெரிய பயமாக நின்றது. தினமும் சொல்கிற "போறேனுங்க"வை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் சொல்லிவிட்டால்? எங்கள் பக்கம் கடைக்குப் போகிறவர்கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். போகிறேன் என்று சொல்லிப் போகிற இடம் ஒன்றுதான். நான் படித்தவள், மெயில் எழுதுகிறவள், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடித்து என் மேஜைக்குத் திரும்பும்போது நானும் "வர்றேன்" என்றுதான் சொன்னேன்.

மத்தியானச் சாப்பாட்டில் செல்லத்தாய் நேராகவே கேட்டுவிட்டார். "அண்ணாச்சி, இந்த ஒரு தடவ மட்டும் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்காகச் சொல்லப்பிடாதா?"

அவர் தயிர்ச் சோற்றில் ஸ்பூனை நிறுத்தினார். நாங்கள் கேட்காமல் விட்டிருந்த கதை அப்போதுதான் வந்தது.

முகாமில் விடுதலையாகிப் போகிறவனுக்குக் கைதிகளே வைத்த மூன்று சட்டம். மறுபடி பார்க்கலாம் என்று சொல்லக் கூடாது. கேட்டைத் தாண்டினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. சாமான் எதையும், முக்கியமாகச் சாப்பிட்ட ஸ்பூனை, விட்டுவிட்டுப் போகக் கூடாது. மீறினால் அந்த இடம் மறுபடியும் கூப்பிட்டுக்கொள்ளும். எந்தெல் என்று அவர் ஊர்க்காரர் ஒருவர், பக்கத்து மிஷின். பெரிய கேலிக்காரர். விடுதலை நாளில் ஸ்பூனைத் தட்டின் மேலேயே போட்டுவிட்டு, கேட்டில் நின்று திரும்பிப் பார்த்து, "சரி, நாளைக்குப் பார்ப்போம்!" என்று கையை ஆட்டினாராம். எல்லோரும் சிரித்தார்களாம். மறு பனிக்காலத்துக்குள் வேறொரு வழக்கில் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அதே மிஷினில் உட்கார்ந்தார். பிறகு வெளியே வரவேயில்லை. அங்கேயே இருமி இருமிச் செத்துப்போனார்.

"இந்த ஸ்பூன் அங்கத்ததுங்க," என்றார் காளியண்ணன். "நான் விடலீங்க."

தெரியாத தேசத்தில் செத்துப்போன தெரியாத மனிதருக்காகச் செல்லத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் விடவில்லை. "அது பாவிப்பய கேட்டு, அண்ணாச்சி. இது நம்ம கேட்டு. இங்க திரும்பி வரணும்னுதான சொல்லச் சொல்லுதேன்."

"கேட்டு கேட்டுதானுங்க," என்றார் அவர், மெதுவாக. ஸ்பூனைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும் நாளன்று லைனே எழுந்து நின்றது. லிங்கசாமி காரை கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். காளியண்ணன் டிராயரைத் துழாவினார், சாத்தினார், பையை மாட்டினார். செல்லத்தாயின் முன்னால் வந்து நின்றார். "போயிட்டு..." என்றார். உதடு அசைந்தது. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த மனிதர் அந்த ஒரு சொல்லுக்குப் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"நாக்கு வரலீங்க," என்றார். "போறேனுங்க."

போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குச் செல்லத்தாய் "போயிட்டு வாங்க" சொல்லவில்லை. உள்ளே வந்து காளியண்ணனின் டிராயரைத் திறந்து பார்த்தார். வழக்கம்போல் துடைத்துவிட்ட காலி. வெறும் டிராயர் ஆகாது என்று, மாரியம்மன் கோயில் திருநீற்றை ஒரு காகிதத்தில் மடித்து அதற்குள் வைத்தார்.

ஆபரேஷன் நாளில் எங்கள் லைனில் ஓடிய தையலை எந்த நாட்டுக்காரனும் வாங்கமாட்டான். பட்டன் வைக்க வேண்டிய இடத்தில் லேபிள் ஏறியது. எங்கள் ஆட்களுக்கு எல்லாக் கடவுளும் தேவைப்பட்டார்கள். சாயங்காலம் லிங்கசாமியின் போன் வந்தது. எடுத்தவள் நான்.

"கண்ணு, முழிச்சுட்டாருங்க!" அந்தப் பெரிய மனிதர் சின்னப் பிள்ளைபோல் தேம்பிக்கொண்டிருந்தார். "நர்ஸு கஞ்சி குடிக்கறீங்களான்னு கேட்டாங்க. ஏய்னு சொல்லிப்போட்டாருங்க. அந்தப் புள்ள கோவிச்சுக்குச்சுங்க!"

நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். செல்லத்தாய்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார், அழுதுகொண்டே. மிஷின்கள் நின்றன. டீக்காரர் சொல்லாமலே ஒரு தட்டு போண்டா கொண்டுவந்து வைத்தார். போண்டா அத்தனை ருசியாக அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை.

தீபாவளிக்குப் பிறகு வந்தார். இளைத்திருந்தார், சட்டை தொளதொளவென்று ஆடியது. அரை ஷிப்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று லிங்கசாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். நாய் தானாகவே தள்ளிப் படுத்தது. மேஜைக்கு வந்து முதல் பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கழுத்துப் பட்டியில் ஒரு தையல் தாண்டியிருந்தது.

"ஏய்," என்றார்.

செக்கிங் டேபிள் முழுக்கக் கைதட்டியது. ரிஜெக்ட் ஆனதற்குக் கைதட்டிய கம்பெனி திருப்பூரில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

மத்தியானம் தயிர்ச் சோறு. பிறகு விளக்கை அணைத்தார். டேப், ட்ரிம்மர், டம்ளர், டப்பா என்று பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்களைப் பார்த்து, "நான் போறேனுங்க" என்றார்.

செல்லத்தாய் தலையில் அடித்துக்கொண்டார். "நெஞ்சப் பொளந்து தச்ச டாக்டரு, அந்த நாக்கையும் கொஞ்சம் பாத்திருக்கப்பிடாதா!" என்று சொல்லிக்கொண்டே, திருநீற்றையாவது பூசி அனுப்பலாம் என்று டிராயரை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். திருநீற்றுப் பொட்டலத்தின் பக்கத்தில் அந்த அலுமினிய ஸ்பூன், கழுவித் துடைத்து, கிடந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். காளியண்ணன் கேட்டைத் தாண்டி ரோட்டோரம் போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! ஸ்பூன மறந்துட்டீங்க!"

அவர் நின்றார். முதுகுதான் தெரிந்தது.

"மறக்கலீங்க," என்றார். "அங்கயே இருக்கட்டுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.