பெட்டியின் மேல் ஒரு கை

பெங்களூரு மைதானத்தில் ராக் கச்சேரி தொடங்கியது. முதல் டிரம் அடி நெஞ்சுக்குள் இறங்கியதும், பன்னிரண்டு வயதுப் பையனாகத் திண்டுக்கல் நாகல் நகரில் நின்றேன்.

அங்கே சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் மைதானத்தில் காலேஜ் அண்ணன்கள் கிடாரும் டிரம்ஸும் வைத்து அலறுவார்கள். நானும் என் கூட்டாளி அருளும் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டியே நிற்போம். சின்னதில் வந்த காய்ச்சலில் அருளுக்குக் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வான். பெட்டியில் உள்ளங்கையை வைத்தபடி எனக்கு முந்தித் தலையாட்டுவான்.

"அங்க நிக்காதீகடா, காது போயிரும்" என்று அம்மா கத்துவாள். அதை அவனுக்கு வாயசைத்துச் சொன்னால் சிரிப்பான். "எனக்குத்தான் எப்பவோ போச்சே. ஏலே, நீயும் கைய வையி. உள்ள குதிரை ஓடுது."

வைத்தேன். ஓடியது.

இப்போதும் பெட்டியருகே போய்க் கை வைத்தேன். தனியாக வந்திருந்தேன்; குதிரை ஓடுவதைச் சொல்ல ஆளில்லை. திண்டுக்கல்லுக்குப் போன் போட்டேன். அருளின் மனைவி எடுத்தாள். "போனை அவன் கையில குடும்மா" என்று கத்திவிட்டு, என் போனைப் பெட்டியில் அழுத்திப் பிடித்தேன். ஒரு பாட்டு முழுக்க அப்படியே நின்றேன். பிறகு காதில் வைத்தேன்.

"கையிலதாண்ணே வச்சிருந்தாரு. ஒண்ணும் அதிரலையாம்" என்றாள். "யார்கூடப் போயிருக்கீகன்னு கேக்குறாரு."