யார் எழுந்து நிற்பது?

போன ஆடியில் எங்கள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து ஓர் இங்கிலீஷ் நாவல் கொண்டுவந்தார்.

என்ன… "வீட்டுக்காரர்" என்றதும் புருவம் மேலே போகிறதா? இரண்டு வருடமாக இந்தப் பத்திரிகையில் வாராவாரம் இந்தப் பக்கத்தை எழுதுவது ஓர் ஆண் என்றல்லவா நினைத்திருந்தீர்கள்? கொஞ்சம் பொறுங்கள். அதற்கும் வருகிறேன். முதலில் ராஜம்மாவின் கதை.

நாங்கள் குடியிருப்பது அருப்புக்கோட்டையில், பாளையம்பட்டி போகிற வழியில், ஒரு நெசவுத் தெருவில். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் தமிழ் - அப்படிப்பட்ட தெரு. வீட்டுக்காரர் ஹைஸ்கூல் வாத்தியார் என்பதால் எனக்கு "வாத்தியாரம்மா" என்று பெயர். மத்தியானம் சமையல் முடிந்ததும் பக்கத்து வீட்டு ராஜம்மாவின் கூடத்துக்குப் போய்விடுவேன். அவளும் அவளுடைய ஓரகத்தி மங்கம்மாவும் தறிக்குத் தார், அதாவது குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சி, சுற்றிக்கொண்டிருப்பார்கள். நான் நாவலைத் தமிழில் சொல்வேன்.

கதை பெரிய கதையில்லை. ஒரு பாதிரியார் இறந்துபோகிறார். இரண்டு பெண்கள். குடியிருந்த வீடு தூரத்து உறவுக்காரன் ஒருவனுக்குப் போய்விடுகிறது - அவன் ஆண் என்கிற ஒரே காரணத்துக்காக. மூத்தவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மாப்பிள்ளைக்குக் காத்திருக்கிறாள். இளையவள் ஒரு பெரிய மாளிகைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறாள். சம்பளம் வாங்கிவிட்டாளே! அதோடு அவள் மரியாதை போயிற்று. மாளிகைச் சீமாட்டிகள் அவளோடு சாப்பிடமாட்டார்கள்.

"மூத்தவளுக்குக் கை வெளங்காதா?" என்று கேட்டாள் மங்கம்மா.

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேலை செஞ்சா கௌரவம் போயிரும்னு உக்காந்திருக்கா."

"நம்ம தெருவுல ஒரு நா உக்காரச் சொல்லுங்க பாப்போம். பாவுக்குக் கஞ்சி யாரு போடுவா?"

எனக்கு ஒரே பெருமை. பார்த்தீர்களா, சீமையில் இல்லாத சுதந்திரம் நம் பெண்களுக்கு! எங்கள் திருச்சுழிப் பக்கத்துக் கம்மங்காட்டில் களை எடுக்கிறவள் யார்? பெண். பருத்தி எடுக்கிறவள்? பெண். இதையெல்லாம் வைத்து ஒரு கட்டுரைகூட மனதில் எழுத ஆரம்பித்துவிட்டேன். அந்தக் காடு அப்பாவுக்குப் பிறகு அண்ணன்மாருக்குப் போனதும், எனக்கு ஒரு குழி நிலம் உண்டா என்று நான் கேட்கக்கூட இல்லை என்பதும் அப்போது ஞாபகம் வரவில்லை. பெருமையடிக்கும்போது அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது?

ஆனால் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தது வேறோர் இடத்தில். அந்த மாளிகையில் ஒரு பெண் கூடத்துக்குள் வந்தால், உட்கார்ந்திருக்கிற துரைமார்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

"பொய்யி!" என்றாள் ராஜம்மா.

"நெசமாத்தான். இவ உக்கார்ற வரைக்கும் அவுக உக்காரமாட்டாக."

"அம்புட்டு மரியாத குடுக்கிறவுக, வீட்டை மட்டும் ஏன் பிடுங்கிக்கிட்டாக?"

நான் படித்த இங்கிலீஷ் விமர்சனம் எதிலும் இவ்வளவு நறுக்கென்று ஒரு கேள்வி இல்லை.

ராஜம்மாவுக்கு அந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை. அவள் கணவன் பங்குனியில் இறந்துபோனான். ஒரு வருடம் இருமிக் கிடந்தான். அந்த வருடத்தில்தான் அவள் நெசவு கற்றுக்கொண்டாள். எங்கள் தெருவில் பெண்கள் தார் சுற்றலாம், நெடுக்கு நூலைப் பாவாக நீட்டலாம், அதற்குக் கஞ்சி போடலாம்… தறிக்குழியில் கால் வைத்து நெய்கிறது மட்டும் ஆண்கள் வேலை. ராஜம்மா கதவைச் சாத்திக்கொண்டு நெய்தாள். உள்ளேயிருந்து தறிச் சத்தமும் இருமல் சத்தமும் ஒரே நேரத்தில் கேட்கும். அவன்தான் நெய்கிறான் என்று தெருவே நம்பியது. நம்பியதாக நடித்தது என்பதுதான் சரி.

இப்போது அவன் இல்லை. நடிக்க வழியில்லை. நூலோ சர்க்கார் கண்ட்ரோலில் இருக்கிறது. கார்டு இருந்தால்தான் நூல். இறந்தவன் பெயரில் இருக்கிற கார்டை யார் பெயருக்கு மாற்றுவது? அவனுடைய அண்ணன் ரெங்கசாமி, அதாவது மங்கம்மாவின் கணவர், தன் பெயருக்குக் கேட்டிருந்தார். கார்டு அவருக்குப் போனால் தறியும் அவர் வீட்டுக்குப் போகும். பின்னாலேயே ராஜம்மாவும் நாலு வயது மகளும் போக வேண்டியதுதான். அங்கே காலம் பூரா தார் சுற்றிக்கொண்டு, போடுகிற சோற்றைச் சாப்பிடலாம்.

ரெங்கசாமி கெட்டவர் இல்லை. என்னிடமே சொன்னார்: "நான் சோறு போடமாட்டேன்னா சொன்னேன் வாத்தியாரம்மா? எந்தம்பி பொண்டாட்டி தறிக்குழியில எறங்குனா தெருவுல எனக்கு என்ன மதிப்பு?"

ராஜம்மாவும் மனுக் கொடுத்திருந்தாள். தறியில் யார் உட்கார்ந்து நெய்கிறார்களோ அவர்கள் பெயருக்குக் கார்டு என்று சொல்லி, ஆவணியில் அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார். அன்றைக்கு ராஜம்மா கதவை அகலத் திறந்துபோட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டாள். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரிக்கு வழிகாட்டிக்கொண்டு முன்னால் வந்தவர் ரெங்கசாமி. அவர் நிலைப்படி தாண்டி ஒரு செருமல் செருமினார். அவ்வளவுதான். ராஜம்மா தறியை விட்டு எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள்!

காலியாக இருந்த தறியில் ரெங்கசாமி உட்கார்ந்தார். நாலு தடவை நாடாவை ஓடவிட்டுக் காட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டு போயே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் நேரே அடுப்படிக்குப் போய், "எதுக்குடி எந்திரிச்ச?" என்று கத்தினேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். "பாவகாரு வாராகள்ல… அவுக முன்னால நான் எப்பிடி உக்காந்திருப்பேன்? நான் எந்திரிக்கல வாத்தியாரம்மா. காலு தானா எந்திரிச்சிருச்சு."

பாவகாரு என்றால் அவர்கள் பேச்சில் கணவனின் அண்ணன். அவர் முன்னால் தம்பி மனைவி உட்காரக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து உடம்பில் ஊறிப்போன மரியாதை. நின்றுகொண்டு தறி நெய்ய முடியுமா? சீமையில் பெண் வந்தால் ஆண் எழுந்திருக்கிறான், சொத்தை மட்டும் அவனே வைத்துக்கொள்கிறான். இங்கே ஆண் வந்தால் பெண் எழுந்திருக்கிறாள், சொத்து அப்போதும் அவனுக்குத்தான். உட்கார்ந்தாலும் நின்றாலும் நமக்கு ஒன்றும் மிஞ்சக் காணோம்!

அன்றைக்கு என் பெருமைக் கட்டுரை செத்தது. நல்ல வேளை, உங்களுக்கு அது வந்து சேரவில்லை.

மறுநாள் நானே இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். அதிகாரி வந்தபோது நெசவாளி மரியாதையின் காரணமாக எழுந்துவிட்டார், தயவுசெய்து மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று. நாவல் படித்த சூட்டில் எழுதிய இங்கிலீஷ். வீட்டுக்காரர் வாசித்துவிட்டு, "நூல் கேக்கிற மாதிரி இல்லையே, யாரோ பிரபுவுக்குக் காதல் கடுதாசி எழுதுன மாதிரில்ல இருக்கு" என்றார். இருக்கட்டுமே. வேலை நடந்ததா இல்லையா? போன புதன்கிழமை அதே அதிகாரி மறுபடி வந்தார்.

அதற்குள் நாவல் முடிந்திருந்தது. மாளிகைத் துரையின் தம்பி அந்த இளையவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவள் வேலையை விட்டுவிடுகிறாள். சுபம்.

"அப்ப அந்தப் பிள்ளைகளுக்கு யாரு பாடம் சொல்லிக்குடுக்கிறது?" என்றாள் மங்கம்மா.

நாவலாசிரியைக்கே அது தோன்றவில்லை. ஆமாம், எழுதியது ஒரு பெண்தான். அட்டையில் இருந்தது ஆண் பெயர். பெண் எழுதினால் மதிக்கமாட்டார்கள் என்று பயந்து அப்படிப் போட்டுக்கொண்டாள் என்று முன்னுரையில் இருந்தது. அதையும் அவர்களிடம் சொன்னேன். ராஜம்மா தார் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

புதன்கிழமைக்கு வருகிறேன். ராஜம்மா தறியில். மங்கம்மாவும் நானும் அடுப்படிக் கதவருகே. முன்னால் ரெங்கசாமி, பின்னால் அதிகாரி. ரெங்கசாமி செருமினார்.

நாடா நிற்கவில்லை.

மறுபடியும் செருமினார், கொஞ்சம் பலமாக. பாவில் ஓர் இழை அறுந்தது. தறி நின்றது. ராஜம்மாவின் தோள் அசைந்தது. போச்சு, எழுந்துவிடப்போகிறாள் என்று நினைத்தேன். மங்கம்மா என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள். ராஜம்மா குனிந்தாள். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டாள். நிமிர்ந்தாள். மிதித்தாள். நாடா மறுபடியும் ஓடியது.

அப்போது மங்கம்மா என் கையை விட்டுவிட்டுப் போய், நூல் நிறைந்த தார் நாலைந்தை ராஜம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். தறி வந்திருந்தால் அவள் வீட்டுக்குத்தான் வந்திருக்கும். கணவரை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேரு?" என்றார் அதிகாரி.

"ராஜம்மா."

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"அவுக இல்லைங்க. நான் இருக்கேன்."

ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எதிரில் இரண்டு ஆண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். இங்கிலீஷ் நாவலுக்கு வெளியே நான் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் இங்கே கூடுதலாக ஒன்று நடந்தது: தறி யாருடையதோ, அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். ரெங்கசாமி கொஞ்ச நேரம் துணியையே பார்த்தார். "ஓரம் நேராத்தான் வருது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ராஜம்மா எனக்குப் பொரிகடலையும் வெல்லமும் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அந்த நாவல் எழுதுனவ ஆம்பளப் பேரப் போட்டுக்கிட்டான்னு சொன்னீகள்ல… நீங்க வாராவாரம் எழுதுறதுல யாரு பேரு போடுவாக?"

எங்கள் வீட்டுக்காரர் பெயர்தான். முதல் கட்டுரையை அனுப்பும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த முடிவு: பெண் பெயரைப் பார்த்தால் அடுப்படிக் குறிப்பாகத்தான் இருக்கும் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று. இரண்டு வருடமாக நானும் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

அவளுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. "மூணு வருசமாப் பக்கத்து வீடு… ஒங்க பேரு என்ன வாத்தியாரம்மா?"

சொன்னேன். அவள் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே யோசித்தார். "ஸ்கூல்ல எல்லாரும் கட்டுரை பிரமாதம்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்குறாங்க. இனிமே என்ன சொல்றது?"

"சம்சாரம் எழுதுறான்னு சொல்லுங்க."

"சரி… ஆனா இதுவரைக்கும் குலுக்குன கையத் திருப்பிக் குடுக்கமாட்டேன்" என்றார். நல்ல மனிதர். இந்தக் கட்டுரையைத் தபாலில் சேர்க்கப் போகிறவரும் அவர்தான்.

ஆகவே வாசகர்களே, இனிமேல் "ஐயா" என்று ஆரம்பிக்கிற கடிதங்களுக்குப் பதில் கிடையாது.

- சிவகாமி