கூடாரத்துக்குள் சனிக்கோள் வந்தபோது

செல்வியக்கா வாயைத் திறந்தால் உறுவையாறு பஸ் ஸ்டாப் வரை கேட்கும். எங்கள் நடுநிலைப் பள்ளியைக் கூட்டிச் சுத்தம் செய்ய அவர் வந்து ஐந்து வருடம் ஆகிறது. வந்த முதல் வாரமே, "அக்கா, பிள்ளைங்க பாடம் படிக்குதுங்க, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்று கடிந்துகொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மில்லு வாயி டீச்சர், இன்னா பண்றது" என்று அதே சத்தத்தில் சொல்லிவிட்டுப் போனார். திமிர் என்று நினைத்தேன். நான் அப்படித்தான். கோபம் முதலில் வரும், புத்தி பிறகுதான் வரும்.

முழுப் பெயர் ஆரோக்கியசெல்வி. பத்தொன்பது வயதில் ஒரு நூல் மில்லில் சேர்ந்து, பதினேழு வருடம் மெஷின்களுக்கு நடுவே நின்றவர். அறுந்த நூலைப் பிடித்து ஒட்டுவதுதான் வேலை. நூல் சுற்றும் கதிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக ஓடும் அந்த இரைச்சலில், பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூட காதோரம் போய்க் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கை ஜாடைதான். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்களாம். அதைத் தாண்டி யாரும் எதுவும் கொடுக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கணவர் அன்புராஜும் அதே மில், அதே ஷிப்ட்.

மில் மூடிய பிறகு வேறொரு தொல்லை ஆரம்பித்தது. வீடு அமைதியாக இருந்தால் அக்காவுக்குக் காதுக்குள் ஒரே ரீங்காரம். சர்ச்சில் புதுசு வாங்கியபோது ஒதுக்கிப் போட்ட பழைய கீபோர்டைக் கேட்டு வாங்கி வந்து, அந்த ரீங்காரத்தை அமுக்க ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு கட்டை இரண்டானது, இரண்டு நாலானது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வந்தது. யூடியூபைப் பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சத்தங்களை அடுக்கக் கற்றுக்கொண்டார். அதில் பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. மெதுவாக விரியும், மெதுவாக அடங்கும். ஒரு மதிய இடைவேளையில் அவர் போனில் அதைக் கேட்டுக்கொண்டே நான் மேசையில் தலைவைத்துத் தூங்கியே போனேன். அன்றிலிருந்துதான் அவரிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நரேஷை அவரிடம் சேர்த்துவிட்டதும் நான்தான். வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. காற்றடைத்து நிற்கவைக்கிற கூடாரம் ஒன்றை வாங்கி, பள்ளி பள்ளியாகப் போய், உள்ளே இருட்டாக்கி, கோள்களையும் நட்சத்திரங்களையும் காட்டுகிறார். செல்வியக்காவின் இசையைக் கேட்டதும் ஆள் அசந்துவிட்டார்.

"இதுக்குப் பேருதாங்க்கா ஆம்பியன்ட். வெளிநாட்டுல கோளரங்கத்துக்குன்னே இத பண்றாங்க. மொதல் ஷோ உங்க ஸ்கூல்லயே போடுவோம். செட் ஆயிடுச்சுன்னா பாகூரு, நெட்டப்பாக்கம்னு எல்லா ஸ்கூலுக்கும் இதான். உங்க பேரச் சொல்லித்தான் ஷோவயே ஆரம்பிப்பேன்."

ஒன்றே ஒன்று கேட்டார். சனிக்கோள் போனதும் நட்சத்திரக் கூட்டம் வரும், அந்த இடத்தில் மேலே கொஞ்சம் மின்னுகிற மாதிரி ஒரு சத்தம் வேண்டும்.

அந்த வாரம் முழுக்க செல்வியக்காவுக்குச் சோறு தண்ணி இல்லை. வகுப்பறையைப் பெருக்கும்போதும் அதே பேச்சுதான். "பேரச் சொல்லுவாங்களாம் டீச்சர், மைக்குல!" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னார். வீட்டுக்காரரையும் தெருக்காரர்களையும் சேர்த்து எட்டுப் பேருக்குப் போட்டுக்காட்டி, எல்லாரும் பிரமாதம் என்று சொன்ன பிறகுதான் திருப்தியானார். ஷோ அன்று காலையில் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு வந்து கூடாரத்தின் ஸ்பீக்கரில் இணைத்துவிட்டார். புதிதாகச் சேர்த்ததைப் போட்டுக் கேட்க நரேஷுக்கு நேரமில்லை.

ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும்தான் முதல் ஷோ. நாற்பது பிள்ளைகள் தவழ்ந்து உள்ளே போனார்கள், கூடவே நானும் போனேன். செல்வியக்கா கிறிஸ்மஸுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, ஓரமாக முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு நீங்க கேக்கப் போற மியூசிக், உங்க ஸ்கூல் ஆரோக்கியசெல்வி அக்கா பண்ணது" என்று நரேஷ் மைக்கில் சொன்னதும் பிள்ளைகள் கைதட்டித் தீர்த்தார்கள். அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். படத்தை ஓடவிட்டு, காற்று மெஷினைப் பார்க்க நரேஷ் வெளியே போனார்.

பூமி வந்தது, நிலா வந்தது. அந்த இசைக்கு எங்கள் வால் பயல்கள்கூட வாயைப் பிளந்து கிடந்தார்கள். சனிக்கோள் வளையத்தோடு தலைக்கு மேல் வந்து மறைந்தது. நட்சத்திரங்கள் வந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம். இரும்பை இரும்பால் கீறினால் வருமே, அது ஊசியாகக் காதுக்குள் இறங்கியது. பல் கூசியது. பிள்ளைகள் அலறிக் காதைப் பொத்தினார்கள், முன்னால் படுத்திருந்த ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்து, "யாருப்பா அங்க, அந்தக் கருமத்த மொதல்ல நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே போன் டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் செல்வியக்காவின் மேல் விழுந்தது. அவர் கண்ணை மூடி, லேசாகத் தலையை ஆட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

தவழ்ந்து அவர் பக்கத்தில் போனேன். தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார்.

"இன்னா டீச்சர், ஏன் எல்லாம் காதப் பொத்திக்கினு இருக்குதுங்க?"

"அக்கா, இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

"எந்தச் சத்தம்?"

நரேஷ் ஓடிவந்து, லேப்டாப்பில் அந்த மின்னும் சத்தத்தை மட்டும் நிறுத்தினார். பிள்ளைகளின் கைகள் இறங்கின.

"நிறுத்திட்டியா தம்பி?"

"நிறுத்திட்டேங்க்கா."

"போடு."

போட்டார். அத்தனை கைகளும் காதுக்கு ஏறின. அக்கா நிறுத்தச் சொன்னார், இறங்கின. மறுபடி போடச் சொன்னார். ஸ்பீக்கர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நரேஷ்தான் தாங்க முடியாமல், "போதுங்க்கா" என்று லேப்டாப்பை மூடினார்.

"எட்டுப் பேரு கேட்டாங்க டீச்சர்" என்றார் அக்கா. அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "எங்க வூட்டுக்காரரு, உஷாராணி, அம்சவள்ளி... மின்னறது பத்தல, சத்தத்த இன்னும் தூக்குடின்னாங்க. நானும் தூக்கினே போனேன்." விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். "அத்தினி பேரும் மில்லு டீச்சர்."

இவர் ஒருத்தருக்குக் காது போயிருக்கிறது என்று நான் பதறிக்கொண்டிருக்கிறேன், அவர் ஒரு தெருவையே எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த மில் முதலாளிகள் எதிரே இருந்திருந்தால் வாயில் வந்ததையெல்லாம் கேட்டிருப்பேன். அவர்களை விடுங்கள், சத்தமாகப் பேசுகிறார் என்று இவரை அதட்டிய என்னை என்ன செய்வது?

நரேஷ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "அக்கா, மனச விடாதீங்க. புதுசா போட்டத எடுத்துடுவோம். நீங்க மொதல்ல குடுத்தது அப்பிடியே இருக்குதில்ல, அதுவே போதும். அடுத்த ஷோவுக்கும் உங்க பேரச் சொல்லத்தான் போறேன்."

அக்கா முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது.

"தம்பி, உண்மையச் சொல்லணும். அதுலயும் எனக்குக் கேக்காதது எதுனா இருக்குதா?"

"சேச்சே, அதுல ஒரு குறையும் இல்லக்கா. அந்தப் பழைய கீபோர்டுல ஒரு கட்டைய அமுக்கினாலே கூடவே குட்டி குட்டியா மணி உதிருதே, அதக் கேட்டுத்தான நான் அசந்துட்டேன்."

"ஆமாங்க்கா, எனக்கும் அந்த மணிதான் உசிரு" என்று நானும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தோம்.

செல்வியக்கா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மணியா?" என்றார். "நான் மணி எதுவும் போடலியே."